ராக்காவலுக்குத் தெரிந்த குரல்

ராத்திரி இரண்டு மணி தாண்டியிருக்கும். ஷின்ச்சூவிலிருந்து கடலை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் சேற்று நிலம், இன்னொரு பக்கம் ஆளில்லாத மீன் குட்டைகள். நடுவே ஒரே ஒரு ஸ்கூட்டர். அந்தச் சாலையில் எப்போதும் காற்று ஆளை வண்டியோடு சேர்த்துத் தள்ளும். அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை… அதுதான் அவனுக்கு முதலில் சரியாகப் படவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் முடிக்கிற வரை யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். கீழுலகத்துக் கதவு திறந்து கிடக்கிற ஏழாம் மாதம் நடக்கிறது. நல்ல அண்ணன்மார் வெளியே உலாவுகிற மாதம். அவர்களை வேறு வார்த்தையால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உங்களுக்கும் வேண்டாம்.

வண்டியில் போனவன் பெங் ஷாவ்-யூ. என் சிநேகிதன் ச்சுன்-லாங்கின் தங்கை புருஷன். ச்சுன்-லாங் புளுகுகிறவன் இல்லை, அவனுக்கு அந்த அளவுக்குக் கற்பனையும் கிடையாது. மச்சான் அவனிடம் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை… மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷாவ்-யூவுக்கு வேலை ஒரு சர்வர் ஹாலில். கடலோரத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். மருந்துக்கடைக்காரர் இங்கே இருக்கிறார், அவருக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வர் மெஷினை அணைத்துவிட்டால் அது கட்டையாய்க் கிடக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. உள்ளே நகத்தளவு ஒரு சில்லு விழித்துக்கொண்டே இருக்கும். சுவரில் பிளக் செருகியிருக்கிற வரைக்கும் அதற்குத் தூக்கம் கிடையாது. அதற்குத் தனி அட்ரஸ் உண்டு, தனிக் கடவுச்சொல் உண்டு. எங்கோ தூரத்தில் உட்கார்ந்து அதனிடம் பேசினால் மெஷினை எழுப்பும், அணைக்கும், திரையில் ஓடுவதைக் காட்டும். ஹாலில் எல்லாரும் அதை ராக்காவல் என்று சொல்வார்கள்.

ஒவ்வொரு மெஷினின் முன்னாலும் ஒரு சின்ன நீல விளக்கு இருக்கும். ஆளுக்கு வழி காட்டத்தான் அது. நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்போது எதைத் தொடுவது என்று தெரிய வேண்டாமா? மேஜையில் இருப்பவர் ராக்காவலிடம் சொல்லி விளக்கை ஏற்றுவார். ஹாலில் நடப்பவன் அதைப் பார்த்துப் போவான்.

மேஜையில் இருந்தவர் லியாவ். எல்லாருக்கும் லியாவ் அண்ணன். பருத்த உடம்பு, நெற்றிப்பொட்டில் எப்போதும் பச்சை எண்ணெய்… அந்த மருந்து வாசனை வந்தால் லியாவ் அண்ணன் வருகிறார் என்று அர்த்தம். ஷாவ்-யூ வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அவனைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. கடைசி வரிசையில் விளக்கை ஏற்றுவார். அவன் அங்கே போய்ச் சேருவதற்குள் அணைத்துவிட்டு முதல் வரிசையில் ஏற்றுவார். போனில் சிரிப்பார்.

"உன் தொப்பையைக் குறைக்கத்தாண்டா. உன் பெண்டாட்டி ஜியா-ரோங் எனக்கு நன்றி சொல்லணும்."

"உங்க தொப்பைக்கு யார்ண்ணே விளக்கு ஏத்துறது?"

விளக்கு இரண்டு தடவை மினுக்கினால் வேறு விஷயம். சூப் வந்துவிட்டது, ஆறுவதற்குள் வா என்று அர்த்தம்.

பச்சைப் பொட்டலங்களும் லியாவ் அண்ணன் பொறுப்புதான். தேங்காய் மணக்கிற சோளப் பொரி, கடையில் பிள்ளைகளுக்கு வாங்குவது. மெஷினுக்கு ஒன்று மேலே வைத்தால் அது முரண்டு பிடிக்காது. உங்களுக்குத் தெரியாததா? பச்சை மட்டும்தான், மஞ்சள் கூடவே கூடாது. பிரிக்கக் கூடாது. முக்கியமாக, மேலே அச்சடித்த தேதி தாண்டக் கூடாது. லியாவ் அண்ணன் தடித்த பேனாவால் ஒவ்வொன்றிலும் மெஷின் பேரை எழுதி, கீழே 'சமர்த்தா இரு' என்று எழுதுவார். சாய்ந்த எழுத்து. படித்தாலே அவர் குரல் கேட்கும்.

இனி வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். தீவு முழுக்க வீட்டுக்குப் போகிற நாள். ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் எல்லாம் அந்த ஹாலில் ஒரு மெஷினில்தான் ஓடியது. அன்றைக்குப் பார்த்துப் புது மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றின் ராக்காவலுக்கு அட்ரஸ் கொடுத்து, கடவுச்சொல் வைத்து, தயார் செய்ய வேண்டும். ஷாவ்-யூ பேருக்கு இன்னும் அனுமதி வரவில்லை.

"என் பேர்லயே போடா," என்றார் லியாவ் அண்ணன். "சீக்கிரம் முடி. சூப் ஆறுது."

அவன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். அவசரம். ஜியா-ரோங் வேறு முழுகாமல் இருந்தாள், அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு புது மெஷினுக்கு பஸ் மெஷினின் அட்ரஸையே கொடுத்துவிட்டான். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட மாதிரி. பிறகு புது மெஷினை அணைத்துப் போட வேண்டியிருந்தது. 'அணை' என்று அனுப்பினான்.

கட்டளை வேறு வீட்டுக்குப் போனது.

பஸ் மெஷின் நடுவழியில் செத்தது. எழுப்பியபோது பாதிக் கணக்குகளைக் காணோம். ஊர் ஊராக பஸ் நிலையங்களில் ஜனங்கள் பெட்டியும் பரிசுப் பையுமாக நின்றார்கள். டிவியில் ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து அழுததைக் காட்டினார்கள்.

ஷாவ்-யூவுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவன் என்ன செய்தான்? ஓடிப்போய்ச் சொல்லவில்லை. சத்தமில்லாமல் புது மெஷினின் அட்ரஸை மாற்றினான். தடயமே இல்லை. கைகள் நடுங்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பிற்பாடு தாங்கவில்லை.

விடுமுறை முடிந்து மேலாளர் கூ இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். பஸ் மெஷினை அணைத்தது யார் என்று ராக்காவலில் பதிவாகியிருந்தது. லியாவ் பேர்.

"நான் பண்ணல," என்றார் லியாவ் அண்ணன்.

"பேர் உன்னோடதுதானே?"

லியாவ் அண்ணன் திரும்பி ஷாவ்-யூவைப் பார்த்தார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையனை வாத்தியார் பார்ப்பாரே, சொல்லு சொல்லு என்று… அப்படி. ஷாவ்-யூ தன் செருப்பைப் பார்த்தான். அறையில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் லியாவ் அண்ணன். "பேர் என்னோடதுதான்."

அன்றைக்கே வேலை போயிற்று. பஸ் கம்பெனியும் விலகிப் போனது. அந்த மெஷினை எடுத்துப் போக யாரும் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி அப்படியே ரேக்கில் விட்டார்கள். பிடுங்கியது ஷாவ்-யூதான்.

லியாவ் அண்ணனின் தடித்த பேனா இப்போது அவன் கைக்கு வந்தது. எல்லா மெஷின்களிலும் தேதி தீர்வதற்கு முன் பொட்டலத்தை மாற்றினான். பஸ் மெஷின் பக்கம் மட்டும் போகவில்லை. போக முகம் இல்லை. லியாவ் அண்ணன் வீடு போகிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போனான். பிள்ளை பிறந்தது. அவர் பழச்சாறு டப்பாவும் கோழிச் சாறும் கொடுத்தனுப்பினார். ஜியா-ரோங் கேட்டாள், "போய் ஒரு தடவை பாத்துட்டு வரலாமில்ல?" அவன் அடுத்த வாரம் என்றான். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றான்.

ஐந்தாம் மாதத்துப் படகுத் திருநாள் வந்தது. பஸ் மெஷின் மேல் லியாவ் அண்ணன் வைத்த பொட்டலத்தின் தேதி அன்றோடு தீர்ந்தது. அன்று சாயங்காலம், எல்லாரும் சீக்கிரம் கிளம்பின பிறகு, ஷாவ்-யூ ஒரு புதுப் பொட்டலத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் மெஷின் முன் போய் நின்றான். பேனா மூடியைத் திறக்க, போனை மெஷின் மேல் வைத்தான். பழைய பொட்டலத்தில் சாய்ந்த எழுத்து… 'சமர்த்தா இரு'. அதை எடுத்துவிட்டுத் தன் கையால் அதே வார்த்தையை எழுத வேண்டும். அவனால் முடியவில்லை. திரும்பி நடந்தான். போனை அங்கேயே வைத்துவிட்டான். ஹாலைப் பூட்டியாயிற்று, உள்ளே ஒருவரும் இல்லை. வீட்டில் மூங்கில் இலைச் சோறு காத்திருந்தது, போன் ஞாபகம் படுக்கும்போதுதான் வந்தது.

மறுநாள் காலையில் காவலாளி போனை எடுத்து வந்து கொடுத்தார். சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து கிடந்தது. கூடவே ஒரு செய்தியும் கொடுத்தார். முந்தின ராத்திரி லியாவ் அண்ணன் அந்தக் கடலோரச் சாலையில், மதகுக்குப் பக்கத்தில், ஸ்கூட்டரோடு குட்டைக்குள் விழுந்து கிடந்தார். விடிந்துதான் பார்த்தார்கள்.

அந்த ராத்திரி அவர் அங்கே எதற்கு வந்தார் என்று ஹாலில் யாருக்கும் தெரியவில்லை.

சாவு வீட்டுக்கும் ஷாவ்-யூ போகவில்லை. பிள்ளைக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பினான். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. தன் பிள்ளை மேல் பொய் ஜுரத்தை ஏற்றினவன் என்று தன்னையே தினமும் திட்டிக்கொண்டான், ஆனாலும் போகவில்லை.

இப்போது சாலைக்கு வருவோம்.

லியாவ் அண்ணன் இருந்த மேஜை வேலையை இப்போது தெற்கே காவ்ஷியுங் ஊரில் உட்கார்ந்து ஒரு பெண் பார்த்தாள், யுன் என்று. அவள்தான் கூப்பிட்டிருந்தாள். எட்டாவது வரிசையில் ஒரு மெஷின், ராக்காவலோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டது, ஆள் நேரே போய்த்தான் பார்க்க வேண்டும். மதகு வந்தது. ஷாவ்-யூ வழக்கம்போலக் கண்ணை முன் சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு தாண்டினான். காதில் மாட்டியிருந்த போனில் யுன் குரல்.

"அண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்களா? பறந்து வந்தீங்களா என்ன?"

"இன்னும் மதகுலதான் இருக்கேன்."

அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"விளையாடாதீங்கண்ணே. இந்த மாசத்துல போய்… திரையில உங்க பேரு உள்ள இருக்குதே."

"பழசா இருக்கும். சரியா வெளிய வராம விட்டிருப்பேன்."

"பழசு இல்லண்ணே. இப்பத்தான் வந்துச்சு."

ஹால் கதவைத் திறந்தான். முகத்தில் குளிர் அறைந்தது. நூற்றுக்கணக்கான மின்விசிறிகளின் இரைச்சல்… பழகியவனுக்கு அது தாலாட்டு. ஆனால் அன்றைக்கு அதற்குள் ஒரு வாசனை. சூடேறின பிளாஸ்டிக், தூசி… அதற்கும் மேலே, மெலிசாக, பச்சை எண்ணெய்.

நின்றுவிட்டான். மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். இருந்தது.

முதல் வரிசையில் ஒரு நீல விளக்கு எரிந்தது.

"யுன், விளக்கு ஏத்துனியா?"

"இல்லியே. எட்டாவது வரிசைல எதுவும் கேக்கலன்னுதானே உங்கள வரச் சொன்னேன்."

"முதல் வரிசைல எரியுது."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே… அத நீங்கதான் ஏத்தியிருக்கீங்க. உங்க பேருதான் காட்டுது."

விளக்கை நோக்கி நடந்தான். கிட்டே போவதற்குள் அது அணைந்தது. மூன்றாவது வரிசையில் ஒன்று எரிந்தது. அங்கே போனான். அணைந்தது. ஐந்தாவதில் எரிந்தது. இந்த விளையாட்டு அவனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவனுக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் தெரியும். கால்கள் தம்பாட்டுக்கு நடந்தன. போனில் சிரிப்பு வரவில்லை… அது வந்திருந்தால்கூடத் தேவலை போல் இருந்தது.

கடைசி விளக்கு பஸ் மெஷினில் எரிந்தது.

இரண்டு தடவை மினுக்கியது. நின்றது. மறுபடி இரண்டு தடவை.

ஷாவ்-யூ மண்டியிட்டு ரேக்கின் பின்புறம் பார்த்தான். மெஷினின் கம்பி கீழே தொங்கியது. அதன் முனையில் பிளக்… அவன் பிடுங்கிப் போட்டபடியே, தரையில், தூசிக்கு நடுவே. கையில் எடுத்தான். ஐஸ் கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. முன்னால் வந்து பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மேலே பச்சைப் பொட்டலம். தேதி தீர்ந்து இரண்டு மாதமாக அங்கேயே. சாய்ந்த எழுத்து மங்கவில்லை. பக்கத்தில் தூசியில் ஒரு நீள்சதுரத் தடம், அவன் போன் கிடந்த இடம்.

வாசனை இப்போது தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. திரும்பவில்லை. இந்த மாதத்தில் திரும்பக் கூடாது. பேரும் சொல்லக் கூடாது. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் புத்தாண்டிலிருந்து மூடி வைத்திருந்தது இனியும் உள்ளே நிற்கவில்லை. ஏழாம் மாதம் நடுராத்திரியில் பேரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டான்.

"லியாவ் அண்ணே… நான்தான் பண்ணேன்."

குளிர் காற்று நெஞ்சில் ஏறி இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, பிள்ளை மாதிரி விசும்பிக்கொண்டே சொன்னான்.

"உங்ககிட்டச் சொல்லணும். வாங்கண்ணே. இங்க வாங்க."

சொன்னதும் வெட்கம்தான் வந்தது. ஆளில்லாத ஹாலில் சொல்வதற்கு என்ன செலவு? சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், இரும்புப் பெட்டிகளிடம் வந்து அழுகிற சூரன்.

மின்விசிறிகள் எகிறின. ஹால் முழுக்க, ஒரே நேரத்தில், ஊளையிடுகிற மாதிரி. யுன் கத்தினாள்.

"அண்ணே என்ன பண்றீங்க? எல்லாத்தையும் அணைக்கிறீங்களே… ரெண்டாவது வரிசை போச்சு… மூணாவது…"

"நான் பண்ணல," என்றான் ஷாவ்-யூ.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான். வரிசை வரிசையாக இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த ஹாலில் அவன் அதுவரை கேட்டிராத ஒன்று… நிசப்தம். இருட்டில் ஒரே ஒரு நீல விளக்கு. பிறகு அதுவும் போனது. வாசனையும் போனது.

காலையில் அதே அறை. அதே ஏசி. மேலாளர் கூவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"எல்லாத்தையும் அணைச்சது உன் பேர்ல இருக்கு."

"நான் பண்ணல சார்."

"லியாவும் அந்தச் சேர்ல உக்காந்து இதையேதான் சொன்னான்."

ஷாவ்-யூ செருப்பைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னான். புத்தாண்டுக்கு முந்தின நாள் தட்டியது தான் என்று, அட்ரஸை மாற்றி மூடி மறைத்ததும் தான் என்று, எல்லாவற்றையும். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீ சொல்லலன்னாலும் நான் கேட்டிருக்கணும். அவன் உன்னப் பாத்தத நானும் பாத்தேன்."

லியாவ் பேரில் இருந்த பழியை எடுத்து எல்லாருக்கும் தெரியச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார், சொல்லவும் செய்தார். ஷாவ்-யூவுக்கு வேலை போயிற்று. அதற்கு அவன் வருத்தப்படவில்லை. இனி ஒரே ஒரு வாசற்படிதான் மிச்சம்.

ஒரு வாரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு லியாவ் அண்ணன் வீட்டுக்குப் போனான். கை நிறையப் பழங்கள், ஊதுபத்திக் கட்டு. அண்ணி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று எதிர்பார்த்து வந்தவனை, உள்ளே வா, வெயில்ல ஏன் நிக்கிற என்றாள்.

படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினான். படத்திலும் அதே பார்வை… சொல்லு சொல்லு என்று. தரையில் முட்டி போட்டுச் சொன்னான். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தெரியும்," என்றாள் கடைசியில்.

அவன் நிமிரவில்லை.

"அன்னைக்கே வந்து சொன்னார். பையனுக்குப் பிள்ளை பிறக்கப் போவுது, பயந்துட்டான், தானா வந்து சொல்லுவான் பாருன்னார். தெருவுல ஸ்கூட்டர் சத்தம் கேட்டாப் போதும், டிவி சத்தத்தக் குறைப்பார். ஒவ்வொரு தடவையும். நான் கூடச் சிரிப்பேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவர் சபித்திருந்தால் தாங்கியிருப்பான். காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவனோ தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

"விடு," என்றாள் அண்ணி. "உன்மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைசியில நீ சொல்லிட்டியே. அவர் காதால கேட்டுட்டுத்தான் போனார். எனக்கு அது போதும்."

"எப்பண்ணி சொன்னேன்?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"படகுத் திருநாள் ராத்திரி. நீதானே போன் பண்ண? திரையில உன் பேருதான் இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டார், நானும் கேட்டேன். அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? சட்டைய மாட்டிக்கிட்டு, நெத்தியில எண்ணெயத் தடவிக்கிட்டு, அடுப்புல இருந்த சூப்ப ஒரு டப்பாவுல ஊத்திக்கிட்டுக் கிளம்பினார். பையன் அழுவுறான், நான் போவணும்னார்."

ஷாவ்-யூ அன்றைக்குப் போன் பண்ணவில்லை. அவனிடம் அன்றைக்குப் போனே இல்லை. பூட்டின ஹாலுக்குள், பிளக் பிடுங்கின மெஷின் மேல், தேதி தீர்ந்த பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் பண்ணல என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தான். மென்று விழுங்கினான்.

"நான்… என்ன சொன்னேண்ணி?"

"மறந்துட்டியா?" அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவள் துடைக்கவில்லை, லேசாகச் சிரித்தாள். "ஒரே மின்விசிறி இரைச்சல் பின்னாடி. லியாவ் அண்ணே, நான்தான் பண்ணேன்னு சொன்ன. அப்பறம் இருமின. ரொம்ப நேரம் இருமின. அப்பறம் விசும்பிக்கிட்டே சொன்ன…"

அவன் அந்த வார்த்தைகளைத் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். போன வாரம். அவர் செத்து இரண்டு மாதம் ஆன பிறகு.

"உங்ககிட்டச் சொல்லணும், வாங்கண்ணே, இங்க வாங்கன்னு."